படம் தத்துகிறதா, திரை கறுக்கிறதா? ஸ்ட்ரீமிங் பெட்டிக் கோளாறுகளை அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் முறை

ஆப்பிள் டிவி, ஃபயர் டிவி, ரோகு போன்ற ஸ்ட்ரீமிங் பெட்டியில் படம் ஒழுங்காக ஓடாதபோது பெரும்பாலும் மாற்ற வேண்டியது ஒரு செட்டிங், அல்லது ஒரு கேபிள். பெட்டியையோ டிவியையோ மாற்ற வேண்டிய நிலை அரிதாகவே வரும். எந்த செட்டிங், எந்தக் கேபிள் என்பதை அறிகுறிதான் சொல்லும்: எப்போது தத்துகிறது, எத்தனை விநாடிக்கு ஒருமுறை, எல்லா ஆப்பிலுமா ஒன்றில் மட்டுமா, மெனுவிலுமா படத்தில் மட்டுமா. இதைக் கவனிக்காமல் பத்து செட்டிங்கை ஒரேயடியாக மாற்றினால் பழைய கோளாறோடு புதிதாக ஒன்றும் சேர்ந்துகொள்ளும். உங்கள் அறிகுறி இருக்கும் தலைப்புக்கு நேரே போகலாம். ஒவ்வொன்றிலும் காசு செலவில்லாத சோதனை முதலில் வரும்.

## எந்த அறிகுறியானாலும் முதலில் இவை

டிவி, ரிசீவர் (ஸ்பீக்கர்களை இயக்கும் ஆடியோ-வீடியோ கருவி) அல்லது சவுண்ட்பார், பெட்டி மூன்றையும் ரிமோட்டால் அணைத்தால் போதாது. மின் இணைப்பிலிருந்தே பிடுங்கி ஒரு நிமிடம் விடுங்கள். பிறகு டிவி, அடுத்து ரிசீவர், கடைசியாகப் பெட்டி என்ற வரிசையில் போடுங்கள். எச்டிஎம்ஐ (படத்தையும் ஒலியையும் கொண்டுசெல்லும் கேபிள் இணைப்பு) வழியே கருவிகள் தங்களுக்குள் செய்துகொண்ட பழைய ஒப்பந்தம் அழிந்து புதிதாகத் தொடங்கும். "திடீரென்று நேற்றிலிருந்து" என்று வரும் கோளாறுகளில் பல இதிலேயே தீர்ந்துவிடும்.

தீரவில்லையா? ரிசீவரையும் சவுண்ட்பாரையும் விலக்கிவிட்டு, பெட்டியை நேராக டிவியில் செருகிப் பாருங்கள். அப்போது கோளாறு மறைந்தால் தேட வேண்டிய இடம் பாதியாகக் குறைந்துவிட்டது.

சோதிக்கும் நேரத்தில் டிவியின் பிக்சர் மோடை ஃபிலிம்மேக்கர் மோடிலோ சினிமா மோடிலோ வைத்து, மோஷன் ஸ்மூத்திங் (அசைவை டிவியே வழுவழுப்பாக்கும் வசதி) எதுவாக இருந்தாலும் அணையுங்கள். எல்ஜியில் அது ட்ரூமோஷன், சோனியில் மோஷன்ஃப்ளோ, சாம்சங்கில் பிக்சர் கிளாரிட்டி அல்லது ஆட்டோ மோஷன் பிளஸ். அது ஓடிக்கொண்டிருந்தால் உண்மையான தத்தல் எது, டிவி உண்டாக்கியது எது என்று பிரிக்கவே முடியாது.

கடைசியாக, படம் ஓடும்போது டிவி ரிமோட்டின் இன்ஃபோ பட்டனை அழுத்தினால் வரும் சிக்னல் எத்தனை ஹெர்ட்ஸ், அதாவது விநாடிக்கு எத்தனை முறை படம் புதுப்பிக்கப்படுகிறது என்று பல டிவிகள் காட்டும். ரிசீவரின் இன்ஃபோ திரையும் உதவும். கீழே வரும் கிளைகள் பலவும் இந்த எண்ணை வைத்துத்தான் பிரிகின்றன.

## அறிகுறி: கேமரா பக்கவாட்டில் நகரும்போது படம் தத்துகிறது

அதிகம் பேர் சொல்லும் புகார் இது. ஒரே பெயரில் நான்கு வெவ்வேறு கோளாறுகள் இதற்குள் ஒளிந்திருக்கின்றன. தத்தலின் தாளத்தை வைத்துத்தான் பிரிக்க வேண்டும். மெதுவாக நகரும் அகலமான காட்சியையும், படம் முடிந்து பெயர்கள் மேலே ஏறும் இடத்தையும் ஓடவிட்டுப் பாருங்கள்.

### இடைவிடாமல், நொண்டி நடப்பது போல ஒரே சீராகத் தத்துகிறது

விநாடிக்கு 24 பிரேம் (தனித்தனிப் படம்) கொண்ட திரைப்படத்தை 60 ஹெர்ட்ஸில் சமமாகப் பங்கிட முடியாது. ஒரு பிரேம் மூன்று முறை, அடுத்தது இரண்டு முறை என்று மாறி மாறிக் காட்டப்படும். இன்ஃபோ பட்டனில் 60 என்று வந்தால், பெட்டி மாறாமல் 60-லேயே நின்றுவிட்டது. படத்தின் பிரேம் வேகத்துக்கேற்பப் பெட்டி தன் ஹெர்ட்ஸை மாற்றிக்கொள்ளும் செட்டிங் இருக்கும் இடங்கள் இவை. மென்பொருள் பதிப்பைப் பொறுத்து மெனுவின் பெயர் சற்று வேறுபடலாம்.

- ஆப்பிள் டிவி 4கே: செட்டிங்ஸ் → வீடியோ அண்ட் ஆடியோ → மேட்ச் கண்டென்ட். மேட்ச் ஃப்ரேம் ரேட், மேட்ச் டைனமிக் ரேஞ்ச் இரண்டும் ஆன். ஃபார்மேட் 4கே எஸ்டிஆர் (சாதாரண ஒளி வரம்பு) 60 ஹெர்ட்ஸில் இருக்கட்டும்.
- ஃபயர் டிவி: செட்டிங்ஸ் → டிஸ்ப்ளே அண்ட் சவுண்ட்ஸ் → டிஸ்ப்ளே → மேட்ச் ஒரிஜினல் ஃப்ரேம் ரேட் ஆன்.
- ரோகு: செட்டிங்ஸ் → சிஸ்டம் → அட்வான்ஸ்ட் சிஸ்டம் செட்டிங்ஸ் → அட்வான்ஸ்ட் டிஸ்ப்ளே செட்டிங்ஸ் → ஆட்டோ-அட்ஜஸ்ட் டிஸ்ப்ளே ரெஃப்ரெஷ் ரேட்.
- கூகுள் டிவி, ஆண்ட்ராய்டு டிவி (ஆண்ட்ராய்டு 12 முதல்): செட்டிங்ஸ் → டிஸ்ப்ளே அண்ட் சவுண்ட் → அட்வான்ஸ்ட் டிஸ்ப்ளே செட்டிங்ஸ் → மேட்ச் கண்டென்ட் ஃப்ரேம் ரேட்.
- கோடி (Kodi என்ற மீடியா பிளேயர் ஆப்): செட்டிங்ஸ் → பிளேயர் → வீடியோஸ் → அட்ஜஸ்ட் டிஸ்ப்ளே ரெஃப்ரெஷ் ரேட். "ஆன் ஸ்டார்ட்/ஸ்டாப்" நல்லது.

ஆண்ட்ராய்டில் ஒரு பொறி இருக்கிறது. அங்கே "சீம்லெஸ்", "நான்-சீம்லெஸ்" என்று இரண்டு வழிகள் தெரியும். சீம்லெஸ்தான் உயர்ந்தது போல ஒலிப்பதால் பலரும் அதையே தேர்ந்தெடுக்கிறார்கள். திரை கறுக்காமல் மாற முடிந்தால் மட்டும் மாறு என்பது அதன் பொருள். பெரும்பாலான டிவிகளால் அது முடியாது. ஆகவே அந்த வழியைத் தேர்ந்தெடுப்பது கிட்டத்தட்ட அணைத்து வைப்பதற்குச் சமம். நான்-சீம்லெஸ் வையுங்கள்.

செட்டிங் ஆன், ஆனாலும் டிவி 60-தான் காட்டுகிறது என்றால், அந்த ஆப் மாறச் சொல்லிக் கேட்கவில்லை. ஆண்ட்ராய்டு, ஃபயர் டிவி பெட்டிகளில் ஆப் கேட்டால்தான் பெட்டி மாறும். வேறொரு ஆப்பில் ஒரு திரைப்படத்தை ஓடவிடுங்கள். அங்கே 24-க்குப் போனால் உங்கள் பெட்டியும் டிவியும் கேபிளும் நலமாக இருக்கின்றன. வீட்டு சர்வரிலிருந்து படம் ஓட்டும் பிளெக்ஸ், ஜெல்லிஃபின் போன்ற ஆப்களில் ரெஃப்ரெஷ் ரேட் ஸ்விட்சிங் என்று ஆப்புக்குள்ளேயே தனி செட்டிங் உண்டு, அதையும் பாருங்கள். ஆப்பே ஆதரிக்காவிட்டால், படம் பார்க்கும் முன் பெட்டியின் வெளியீட்டைக் கையால் 24-க்கு மாற்றி, முடிந்ததும் திருப்புவதுதான் வழி. 24-ல் மெனு மந்தமாக நகரும். அது கோளாறல்ல.

டிவி 24 என்று காட்டியும் நொண்டுகிறதா? இப்போது பிரச்சினை டிவிக்குள். எல்ஜியில் ரியல் சினிமா, சோனியில் சினிமோஷன் அல்லது ஃபிலிம் மோட் ஆனில் இருக்க வேண்டும். 120 ஹெர்ட்ஸ் பேனல் ஒவ்வொரு பிரேமையும் ஐந்து முறை காட்டிவிடும், தத்தல் இருக்காது. சில 60 ஹெர்ட்ஸ் பேனல்கள் 24-ஐ வாங்கிக்கொண்டு உள்ளே பழைய மூன்று-இரண்டு கணக்கில்தான் காட்டும். அப்படிப்பட்ட டிவியில் எந்தப் பெட்டி வாங்கினாலும் பலனில்லை, செலவு செய்யாதீர்கள்.

டிவிக்குள்ளேயே இருக்கும் ஆப்பில் பார்ப்பவர்களுக்கு இந்தப் பகுதியில் மேலே உள்ள பத்தி மட்டுமே பொருந்தும். அங்கே எச்டிஎம்ஐ சிக்னலே இல்லை.

### சீராக ஓடுகிறது, ஆனால் ஏறத்தாழ 40 விநாடிக்கு ஒருமுறை சின்னத் துள்ளல்

கடிகாரம் வைத்துப் பாருங்கள். 42 விநாடிக்கு ஒன்று என்று திரும்பத் திரும்ப வந்தால் காரணம் உறுதி. வீட்டுக்கு வரும் பெரும்பாலான படங்கள் உண்மையில் 24 பிரேம் அல்ல, 23.976. பெட்டி துல்லியமாக 24.000 ஹெர்ட்ஸ் கொடுத்தால் சுமார் 41.7 விநாடிக்கு ஒரு பிரேமை இருமுறை காட்டியாக வேண்டும். டிவியின் இன்ஃபோ திரை பெரும்பாலும் இரண்டையுமே "24" என்றுதான் காட்டும், அதை நம்பி முடிவெடுக்க வேண்டாம்.

கோடியில் செட்டிங்ஸ் → சிஸ்டம் → டிஸ்ப்ளே → வைட்லிஸ்ட் (கோடி மாற அனுமதித்த வேகங்களின் பட்டியல்) திறங்கள். செட்டிங் நிலை எக்ஸ்பர்ட்டில் இருந்தால்தான் தெரியும். 23.976 (23.98 என்றும் வரும்), 24, 25, 29.97, 50, 59.94, 60 எல்லாவற்றையும் டிக் செய்யுங்கள். 24 மட்டும் டிக் ஆகியிருந்தால் இந்தத் துள்ளல் நிச்சயம். பெட்டியைக் கையால் 24-ல் நிறுத்தியவர்கள், பட்டியலில் 23.976 தனியாக இருக்கிறதா பாருங்கள்.

17 விநாடிக்கு ஒரு துள்ளல் என்றால் இதே கணக்குதான், 59.94-க்கும் 60-க்கும் இடையில்.

### விளையாட்டு நேரலையிலும், கீழே ஓடும் செய்தி வரியிலும் மட்டும்

50 ஹெர்ட்ஸ் நாடுகளின் ஒளிபரப்பு 25 அல்லது 50 பிரேமில் வருகிறது. 50-ஐ 60-ல் காட்டினால் ஒவ்வொரு விநாடியும் பத்து பிரேம் இரட்டிப்பாகும். பந்து உருளும்போதும் எழுத்து ஓடும்போதும் கண்ணில் குத்தும். நேரலை ஆப்கள் பல தாமாக மாறுவதில்லை. பெட்டியின் வெளியீட்டை 50 ஹெர்ட்ஸுக்கு மாற்றுங்கள். இத்தகைய ஒளிபரப்பையே அதிகம் பார்க்கும் வீட்டில் 50-ஐயே நிரந்தரமாக வைத்துவிட்டு, படங்களுக்கு மட்டும் தானாக மாற விடுவது நல்ல ஏற்பாடு.

### எல்லாம் சரி, இருந்தும் வெளிச்சமான காட்சி வெட்டி வெட்டி நகர்கிறது

டிவி 24 காட்டுகிறது, தாளம் சீராக இருக்கிறது, ஓஎல்இடி திரை. இது பழுதல்ல. ஓஎல்இடியில் ஒரு பிரேமிலிருந்து அடுத்ததற்கு மாற்றம் கணப்பொழுதில் முடிந்துவிடும். பழைய எல்சிடியில் இருந்த மெல்லிய இழுவை இங்கே இல்லை. அதனால் விநாடிக்கு 24 படம் என்பது அப்படியே தெரிகிறது, காட்சி வெளிச்சமாக இருந்தால் இன்னும் கூடுதலாக. மோஷன் செட்டிங்கில் டி-ஜட்டரை (தத்தலை மென்மையாக்கும் அளவு) 10-க்கு 2 அல்லது 3 வைத்தால் கண்ணுக்கு இதமாகும், நாடகம் போன்ற வழுவழுப்பும் வராது. எல்ஜியில் சினிமாட்டிக் மூவ்மென்ட் இதற்கானதுதான். இதற்காகப் பெட்டியையோ கேபிளையோ மாற்றுவது வீண்.

## அறிகுறி: பிளே அழுத்தியதும் திரை கறுக்கிறது

ஒன்று முதல் நான்கு விநாடி வரை கறுத்துப் பின் படம் வந்தால் எல்லாம் சரியாக வேலை செய்கிறது என்றே பொருள். ஹெர்ட்ஸ் மாறும்போது பெட்டியும் டிவியும் எச்டிஎம்ஐ இணைப்பைப் புதிதாகப் பேசி முடிக்கின்றன. எச்டிஆரும் (வெளிச்சத்தையும் இருட்டையும் கூடுதல் வரம்பில் காட்டும் முறை) சேர்ந்து மாறினால் இருமுறை கறுக்கலாம். இந்தக் கறுப்பையே நீக்க எச்டிஎம்ஐ 2.1-ல் குயிக் மீடியா ஸ்விட்சிங் என்ற வசதி இருக்கிறது. 2022 ஆப்பிள் டிவி 4கே அதை ஆதரிக்கிறது. ஆனால் டிவியும், நடுவில் ரிசீவர் இருந்தால் அதுவும் ஆதரித்தாக வேண்டும். இந்த ஒன்றுக்காகப் புது டிவி வாங்கச் சொல்லமாட்டோம்.

ஐந்தாறு விநாடிக்கு மேல் ஆகிறது. பெட்டியை நேராக டிவியில் செருகிப் பாருங்கள். நேரம் பாதியானால் தாமதம் ரிசீவருடையது. டிவியில் ஈஆர்க் (எச்டிஎம்ஐ வழியே ஒலியை டிவியிலிருந்து ரிசீவருக்கு அனுப்பும் வசதி) இருந்தால் பெட்டியை டிவியிலேயே வைத்து, ஒலியை மட்டும் ரிசீவருக்கு அனுப்பலாம்.

படத்தின் முதல் ஒலி விழுங்கப்படுகிறது. கோடியில் "டிலே ஆஃப்டர் சேஞ்ச் ஆஃப் ரெஃப்ரெஷ் ரேட்" என்பதை 2 அல்லது 3 விநாடி வையுங்கள். மற்ற ஆப்களில் தொடக்கத்துக்குத் திரும்பிச் சென்று ஓடவிடுவதுதான்.

மெனுவில் நகரும்போதே கறுத்துக் கறுத்து வருகிறது. முன்னோட்டங்கள் தாமாக ஓடுவதால்தான் இது. ஆப்பிலோ பெட்டியிலோ ஆட்டோபிளே பிரிவ்யூவை அணையுங்கள்.

கறுத்தது கறுத்ததுதான், "சிக்னல் இல்லை". முதலில் படத்தை மீட்க வேண்டும். ஃபயர் டிவி ரிமோட்டில் மேல் அம்புக்குறியையும் ரீவைண்டையும் சேர்த்துச் சில விநாடி அழுத்திப் பிடித்தால் ரெசல்யூஷன்களை ஒவ்வொன்றாக மாற்றிக் காட்டும். ஆப்பிள் டிவியில் பேக் அல்லது மெனு பட்டனையும் வால்யூம் குறைக்கும் பட்டனையும் சேர்த்துப் பிடியுங்கள். படம் வந்த பிறகு, டிவியின் அந்த எச்டிஎம்ஐ போர்ட்டுக்கு உயர் அலைவரிசை செட்டிங் ஆனா என்று பாருங்கள்: எல்ஜியில் எச்டிஎம்ஐ டீப் கலர், சாம்சங்கில் இன்புட் சிக்னல் பிளஸ், சோனியில் என்ஹான்ஸ்ட் ஃபார்மேட். அதன் பிறகும் வராவிட்டால் அடுத்த தலைப்பில் உள்ள கேபிள் சோதனை.

4கே படம் எப்போதும் 1080-ல் மட்டுமே வருகிறது, அல்லது எச்டிசிபி (எச்டிஎம்ஐயின் நகல் பாதுகாப்பு முறை) பிழை காட்டுகிறது என்றால் நடுவில் உள்ள ரிசீவரோ ஸ்பிளிட்டரோ எச்டிசிபி 2.2 தெரியாத பழையது. செட்டிங்கால் சரியாகாது. அதைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும்.

## அறிகுறி: படம் நடுவில் ஒன்றிரண்டு விநாடி மறைகிறது, அல்லது வெள்ளைப் புள்ளிகள் மின்னுகின்றன

கேபிள்தான் முதல் சந்தேகம். செலவில்லாத சோதனை ஒன்று இருக்கிறது. 60 ஹெர்ட்ஸ் மெனுவில் புள்ளி மின்னி, 24 ஹெர்ட்ஸ் படத்தில் சுத்தமாக இருக்கிறதா? 4கே 60-ஐ முழு வண்ணத்தோடு அனுப்ப விநாடிக்கு ஏறத்தாழ 18 கிகாபிட் வேண்டும். அதே தரத்தில் 24-க்கு அதில் பாதி போதும். ஆகவே வேகம் குறையும்போது கோளாறு மறைந்தால் கேபிள் தாங்கவில்லை.

1. இரு முனையையும் கழற்றி மீண்டும் அழுத்திச் செருகுங்கள். டிவியின் பின்னால் கேபிள் கூர்மையாக மடங்கியிருந்தால் நிமிர்த்துங்கள்.
2. பெட்டியில் வண்ண அமைப்பை 4:2:0-க்கு (வண்ண விவரத்தைச் சுருக்கி அனுப்பும் முறை) மாற்றுங்கள். ஆப்பிள் டிவியில் குரோமா என்ற பெயரில் இருக்கும். 60 ஹெர்ட்ஸில் சுமை பாதியாகும், படத்தில் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. கோளாறு நின்றால் இப்படியே விட்டுவிடலாம்.
3. ஆப்பிள் டிவியில் செக் எச்டிஎம்ஐ கேபிள் என்ற சோதனை உண்டு, ஓடவிடுங்கள்.
4. வேறொரு கேபிள், முடிந்தவரை 2 மீட்டருக்குள். கேபிள் வரும் அட்டைப்பெட்டியில் பிரீமியம் ஹை ஸ்பீட் (18 கிகாபிட்) அல்லது அல்ட்ரா ஹை ஸ்பீட் (48 கிகாபிட்) சான்று லேபிள் இருக்க வேண்டும். கேபிளின் மேல் அச்சடித்த "4கே" என்ற எழுத்துக்கு எந்த மதிப்பும் இல்லை.

5 மீட்டரைத் தாண்டும் சாதாரணச் செம்புக் கேபிள் 18 கிகாபிட்டில் தடுமாறுவது வழக்கம். அந்தத் தூரத்துக்கு ஒளியிழை வழியே சிக்னலை அனுப்பும் ஆக்டிவ் ஆப்டிகல் கேபிள்தான் ஏற்றது. அதற்கு ஒரே திசைதான்: சோர்ஸ் என்று போட்ட முனை பெட்டியில், டிஸ்ப்ளே முனை டிவியில். தலைகீழாகச் செருகினால் படமே வராது. சுவருக்குள் பதிப்பதற்கு முன் தரையில் விரித்து ஒரு முழுப் படம் ஓட்டிப் பார்த்துவிடுங்கள்.

## அறிகுறி: உதடும் ஒலியும் ஒட்டவில்லை

படங்களில் மட்டும், ஒலி முந்துகிறது. டிவி ஒவ்வொரு பிரேமையும் சற்றுத் தேக்கிவைத்துத்தான் காட்டும். மூன்று பிரேம் தேக்கினால் 60 ஹெர்ட்ஸில் 50 மில்லிவிநாடி, 24 ஹெர்ட்ஸில் 125. ஆக, மெனுவிலும் சீரியலிலும் பொருந்திய ஒலித் தாமதம் படத்தில் பொருந்தாது. மோஷன் செயலாக்கத்தை அணைத்தால் தேக்கம் குறையும், முதலில் அதைச் செய்யுங்கள். மீதியை ரிசீவரின் ஆடியோ டிலேயில் கூட்டுங்கள். கோடியில் அட்வான்ஸ்ட் செட்டிங்ஸ் கோப்பில் ஒவ்வொரு ரெஃப்ரெஷ் ரேட்டுக்கும் தனித் தாமதம் எழுதலாம், இதற்கு அதுவே சுத்தமான தீர்வு.

எப்போதும் ஒலி பிந்துகிறது. ஒலியை முன்னே தள்ளும் செட்டிங் ரிசீவரில் கிடையாது. புளூடூத் ஸ்பீக்கர் இருந்தால் அதை நீக்கிப் பாருங்கள். டிவியின் டிஜிட்டல் ஆடியோ வெளியீட்டை பாஸ்த்ரூவுக்கு (ஒலியை மாற்றாமல் அப்படியே அனுப்பும் முறை) மாற்றுங்கள்.

போகப் போக விலகல் கூடுகிறது. இதற்கும் ஹெர்ட்ஸுக்கும் தொடர்பில்லை. பத்து விநாடி பின்னால் போய் ஓடவிடுங்கள். பொருந்திவிட்டால் பிளேயர் தடுமாறுகிறது, பொருந்தாவிட்டால் கோப்பிலேயே பிழை.

கோடியில் டால்பி, டிடிஎஸ் (சரவுண்ட் ஒலி வகைகள்) பாஸ்த்ரூ திடீரென்று வேலை செய்யாமல் போனால் "சிங்க் பிளேபேக் டு டிஸ்ப்ளே" ஆனில் இருக்கும். இரண்டும் சேர்ந்து இயங்காது, அதை அணையுங்கள்.

## அறிகுறி: நிறம் கெட்டுத் தெரிகிறது

மெனுவும் சாதாரண வீடியோக்களும் எரிச்சலூட்டும் பளபளப்பிலோ வெளிறியோ இருந்தால், பெட்டி எல்லாவற்றையும் எச்டிஆராக மாற்றி அனுப்புகிறது. ஃபயர் டிவியில் டைனமிக் ரேஞ்ச் செட்டிங்ஸை அடாப்டிவ் ஆக்குங்கள். ஆப்பிள் டிவியில் மேலே சொன்ன எஸ்டிஆர் அமைப்பு போதும்.

ஒரு கோப்பு மட்டும் முழுக்கப் பச்சையும் ஊதாவுமாகத் தெரிந்தால் அது டால்பி விஷன் (எச்டிஆரில் ஒரு வகை) புரொஃபைல் 5, உங்கள் கருவிக்கு அது புரியவில்லை. டிவியில் தேட வேண்டாம். எச்டிஆர்10 அடித்தளம் உள்ள புரொஃபைல் 8.1 போன்ற பதிப்பில் இந்தத் தொல்லை இல்லை. எல்லாமே இளஞ்சிவப்பாகத் தெரிந்தால் எச்டிஎம்ஐ கருவிகளுக்கிடையேயான ஒப்பந்தம் தவறிவிட்டது, மின் இணைப்பைப் பிடுங்கிப் போடும் முறைக்குத் திரும்புங்கள்.

கறுப்பு நிறம் சாம்பலாகவோ, இருட்டில் விவரமே இல்லாமலோ இருந்தால் ஆர்ஜிபி வரம்பு (கறுப்பு முதல் வெள்ளை வரையான அளவுகோல்) பொருந்தவில்லை. பெட்டியிலும் டிவியிலும் இரண்டையும் லிமிடெட் என்று வைத்துவிடுங்கள்.

## அறிகுறி: தாளமே இல்லாமல் நின்று நின்று ஓடுகிறது

ரெஃப்ரெஷ் ரேட் செட்டிங்கை இங்கே தொட வேண்டாம். சுழலும் வட்டம் வந்தால் இணைய வேகம். வட்டம் வராமல் பிரேம் மட்டும் விழுந்தால் பெட்டி சுருக்கிய வீடியோவை விரிக்க (டிகோட் செய்ய) திணறுகிறது. யூடியூபில் ஸ்டாட்ஸ் ஃபார் நெர்ட்ஸ் திறந்து, விழுந்த பிரேம் எண்ணிக்கையையும் கோடெக்கையும் (வீடியோவைச் சுருக்கிய முறை) பாருங்கள். ஏவி1 என்று இருந்து பிரேம் விழுந்தால் அந்தப் பெட்டியில் அதற்கான சிப் இல்லை, தரத்தை ஒரு படி குறையுங்கள்.

ஸ்டிக் வகைக் கருவி என்றால் டிவியின் யூஎஸ்பியிலிருந்து மின்சாரம் எடுக்கிறதா பாருங்கள். பல யூஎஸ்பி போர்ட்கள் 500 மில்லிஆம்பியர்தான் தரும். கூட வந்த அடாப்டரைப் போடுங்கள். டிவிக்கும் சுவருக்கும் நடுவே சூட்டில் வேகாமல் சிறிய எச்டிஎம்ஐ எக்ஸ்டெண்டரில் தொங்கவிடுங்கள்.

வீட்டு சர்வரிலிருந்து பெரிய 4கே கோப்பு ஓட்டுபவர்கள் லேன் கேபிள் போட்டும் திணறுகிறதே என்று குழம்புவார்கள். 4கே புளூரே தட்டு விநாடிக்கு 100 மெகாபிட்டைத் தாண்டக்கூடியது. பல டிவிகளிலும் பெட்டிகளிலும் உள்ள லேன் போர்ட் 100 மெகாபிட்தான். அங்கே நல்ல 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை கேபிளைவிட வேகமாக இருக்கும்.

## எப்போது ஆளைக் கூப்பிட வேண்டும்

நன்றாக வேலை செய்யும் கேபிளோடு வேறொரு கருவியை அதே போர்ட்டில் செருகுங்கள். அதுவும் வரவில்லை, பக்கத்துப் போர்ட்டில் இரண்டும் வருகின்றன என்றால் அந்தப் போர்ட் போய்விட்டது. இன்னொரு போர்ட் காலியாக இருந்தால் அதிலேயே தொடரலாம். மெயின் போர்டை மாற்றும் செலவு பல நேரம் தேவையற்றது. எல்லாப் போர்ட்டும் இறந்திருந்தால், குறிப்பாக இடி மின்னலுக்கோ மின்னழுத்த ஏற்றத்துக்கோ பிறகு, டிவியை ஃபேக்டரி ரீசெட் செய்து பார்த்துவிட்டு சர்வீஸைக் கூப்பிடுங்கள். பின்மூடியைத் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பவர் போர்டின் கெபாசிட்டரில் மின்னேற்றம் தங்கியிருக்கும்.

ரிசீவர் வழியாக மட்டும், எந்தக் கேபிளிலும், எந்தப் பெட்டியிலும் 4கே அறுபட்டால் ரிசீவரின் எச்டிஎம்ஐ போர்டு. சுவருக்குள் பதித்த கேபிள் சந்தேகமாக இருந்தால் வெளியே ஒரு கேபிளை விரித்து ஒப்பிட்டு உறுதி செய்துகொண்டே வயரிங் ஆளை அழையுங்கள்.

வருபவரிடம் "படம் சரியில்லை" என்று சொன்னால் அவரும் முதலிலிருந்து தொடங்குவார். எந்தப் போர்ட், இன்ஃபோ திரையில் எத்தனை ஹெர்ட்ஸ், எச்டிஆரா இல்லையா, எந்தெந்தக் கேபிளை மாற்றிப் பார்த்தீர்கள், ரிசீவர் இல்லாமல் என்ன ஆனது என்று எழுதிக் கொடுங்கள். கறுக்கும் தருணத்தைக் கைபேசியில் எடுத்த சின்ன வீடியோவும் கூடவே இருக்கட்டும்.